குகதாசன் கும்பிட்ட பிராந்து

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில் ஒரு களவு நடந்தது. களவு போனது ஓர் உயிர். களவெடுத்தது வானத்தால் வந்தது. அந்த நேரம் காவலுக்கு நின்ற மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால், இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, கண்ணை இறுக மூடி, களவெடுக்க வந்ததைப் பக்தியோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

காவலாளியின் பெயர் குகதாசன். வயது ஐம்பத்தேழு. அடையாள அட்டையைக் கேட்டால் அது ஐம்பத்தைந்து என்று சொல்லும். இடையில் இரண்டு வயது எங்கே போனதென்று அவருக்கே தெரியாது. ஓர் இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தது. பிறகு புதிதாகப் பதிந்தபோது எழுதியவர் கேட்ட கேள்வியும் இவர் சொன்ன பதிலும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. போய்த் திருத்துங்கோ என்று மனைவி இராசேஸ்வரி பல தடவை சொல்லிவிட்டார். "சும்மா தந்த இளமையை ஆராவது திருப்பிக் குடுப்பினமோ?" என்பது குகதாசனின் கட்சி.

அவருடைய தகப்பன் வடமராட்சியிலிருந்து, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி, மூன்று ஏக்கர் வயலுக்காக வந்து குடியேறியவர். குகதாசன் இங்கேயே பிறந்தவர். வாய்க்காலில் தண்ணீர் வருகிற சத்தத்தை வைத்தே அது எத்தனை நாளுக்கு வரும் என்று சொல்லிவிடுவார். உழவு இயந்திரத்தின் வயிற்றில் காதை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பார். வயலை விட்டு வெளியே வந்தால்தான் மனிதர் தடுமாறுவார். அப்போது நாலு பேரிடம் யோசனை கேட்பார். கேட்பதில் பிழையில்லை. கேட்ட நாலையும் செய்வதுதான் பிரச்சினை. போன மாரியில் காய்ச்சல் வந்தபோது பனடோல் போட்டு, மல்லி அவித்துக் குடித்து, கோயிலில் நூல் கட்டி, யாரோ சொன்னாரென்று உள்ளங்காலில் வெங்காயமும் கட்டிக்கொண்டு படுத்தார். மூன்றாம் நாள் சுகமாயிற்று. எது சுகமாக்கியதென்று தெரியாததால் நாலு இடத்துக்கும் போய் நன்றி சொன்னார்.

இப்படிப்பட்டவரிடம்தான் மகள் யதுர்ஷிகா மூன்று கினிப்பிக்கை ஒப்படைத்தாள்.

கினிப்பிக் என்றால் பன்றி இல்லை. பெருத்த எலி போலிருக்கும், வாலிருக்காது, கடிக்காது, புல்லைக் கண்டால் கத்தும். யதுர்ஷிகா வவுனியாவில் பல்கலைக்கழகம் படிக்கிற பிள்ளை. விடுதி அறையில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒளித்து வளர்த்தாள். அவையே கத்தித் தங்களைக் காட்டிக்கொடுத்தன. "அறையிலை இதுகள் இருக்கிறதோ, நீங்கள் இருக்கிறதோ?" என்று விடுதிக்குப் பொறுப்பான அம்மா கேட்டுவிட, பிஸ்கட் பெட்டியில் துளை போட்டு அவற்றை பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுவந்தாள்.

வாய்விட்டு ஒன்றும் கேட்கிற பிள்ளையில்லை அவள். கம்பஸ் போகும்போது புதுச் சப்பாத்துக்கூடத் தாயார் வற்புறுத்தித்தான் வாங்கினாள். அவள் தகப்பனின் கையைப் பிடித்துச் சொன்னாள்: "அப்பா, உங்களை நம்பித்தான் விட்டிட்டுப் போறன். அடுத்த வெள்ளி வருவன். மூண்டும் இருக்கவேணும்." இருபத்தொரு வருசத்தில் அவள் கேட்ட முதற் காரியம் இதுதான் என்று அன்றிரவு குகதாசன் மனைவியிடம் இரண்டு தரம் சொன்னார்.

மூன்றுக்கும் பெயர் உண்டு: லட்டு, பூந்தி, மிக்சர். லட்டு முழுக்கச் செம்மண் நிறம். அதில் தகராறில்லை. மற்ற இரண்டும் வெள்ளை, கறுப்பு, மண்ணிறம் என்று கலந்து தெளித்த மாதிரி. எது எது என்று மகள் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் விளங்கப்படுத்தினாள். குகதாசன் தலையாட்டிக் கேட்டார். பிறகு தனக்குச் சுகமான முறையில் மனதில் எழுதிக்கொண்டார்: குண்டு மிக்சர், குட்டி பூந்தி.

இனிச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

குசினிக்குப் பின்னால், முருங்கை நிழலில், மூன்றையும் புல்லில் விட்டுவிட்டுப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார் குகதாசன். சிறுபோக நெல் வெட்டி முடிந்து வேலை ஓய்ந்த நேரம். புல்லுக்கு மேலால் ஒரு நிழல் வழுக்கிப் போனது. நிமிர்ந்தார். தாழ்வாக ஒரு பறவை வட்டமிட்டது. குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தார். கையை ஓங்கினார். பறவை சற்றே சரிந்து திரும்பியது. செம்மண் நிறச் செட்டை. வெள்ளை வெளேரென்று நெஞ்சு.

கருடன்!

கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேலே வந்து சுற்றுமே, சனம் முழுக்கக் கையை உயர்த்தி அழுமே, அதே கருடன். மண்ணாங்கட்டியைப் பிடித்துக்கொண்டு கைகூப்ப முடியாது. ஆகவே மண்ணாங்கட்டி கீழே விழுந்தது. கைகள் தாமாக மேலே போயின, கண்கள் தாமாக மூடின. கும்பிடுகிற வேலையில் அந்தக் கைகளுக்கு ஐம்பது வருசச் சேவை, காவல் வேலையிலோ இரண்டு நாள். எது முந்தும்?

கண்ணைத் திறந்தபோது பறவை பனைக்கு மேலே நின்றது. புல்லில் இரண்டு நின்றன.

"என்னப்பா, ஏன் மரம் மாதிரி நிக்கிறியள்?" என்று கேட்டுக்கொண்டு இராசேஸ்வரி வந்தார்.

"ராசேஸ், பூந்தியைக் கருடன் கொண்டுபோட்டுது."

"கருடனோ? கருடனுக்கு வேறை வேலை இல்லையோ? உது பிராந்து. பக்கத்து வளவு அழகம்மாவின்ரை கோழிக்குஞ்சுகளைத் தின்ன பிராந்து."

"வெள்ளை நெஞ்சு. நான் கண்ணாலை கண்டனான்."

"கண்டிட்டு என்ன செய்தனீங்கள்?"

"கும்பிட்டனான்."

இராசேஸ்வரி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். "நல்ல காலம், தேங்காய் உடைக்கேல்லை" என்றுவிட்டுக் குசினிக்குள் போனார்.

குகதாசனுக்கு அந்த இடத்தில் தொடங்கியது தலைச்சுற்று. பிராந்து, அதாவது வெறும் பருந்து என்றால் கல்லெறியலாம். கருடன் என்றால் எறியக்கூடாது, பெருமாளின் வாகனம். போனதோ எலிச் சாதி, அதாவது பிள்ளையாரின் வாகனத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம். மாமனின் வாகனம் மருமகனின் வாகனத்துச் சொந்தத்தைத் தூக்கினால் அது அவர்களின் குடும்ப விவகாரம், வெளியாள் தலையிடலாமா? தலையிடாவிட்டால் வெள்ளிக்கிழமை மகள் வந்து மூன்று எங்கே என்று கேட்பாளே, அவளுக்கு எந்தச் சாமி பதில் சொல்லும்?

பின்னேரம் வட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு வந்தது. தினமும் வரும்.

"அப்பா, பிள்ளையளைக் காட்டுங்கோ."

குகதாசன் லட்டுவைக் காட்டினார்.

"மிக்சர் எங்கை?"

அவருக்கு உயிர் திரும்பியது. பூந்தியைக் கேட்காமல் மிக்சரைக் கேட்டாளே! குண்டுப் பிராணியைத் தூக்கி, முன்பக்கம், பின்பக்கம், வயிறு என்று மூன்று கோணத்தில் காட்டினார். "இந்தா, நல்ல சுகமாய் இருக்கிறார். வடிவாய்ப் பார்."

"ம்" என்றாள் மகள். பிறகு, "சரியப்பா, நாளைக்கு எடுக்கிறன்."

பூந்தியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புதனும் அதே கதை: "மிக்சர் எங்கை?" இவரும் பெருமையாகத் தூக்கிக் காட்டினார்.

"ஏனப்பா, பிள்ளை பூந்தியை ஒருக்காலும் கேக்கேல்லை?" என்று இராசேஸ்வரி சந்தேகப்பட்டார்.

"கடவுள் வாயைக் கட்டி வைச்சிருக்கிறார். நீர் அவிழ்க்காதையும்."

புதன் காலை அவர் வேலிக்கு மேலால் அழகம்மாவிடம் யோசனை கேட்டார். அழகம்மாவின் பெற்றோர் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அடிபட்டு இங்கே வந்தவர்கள். அவவுக்கு அப்போது நாலு வயது. முரசுமோட்டையில் ஐம்பது வருசத்தை எட்டப் போகிறது, ஆனாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. கோழி வளர்ப்பில் அவவை மிஞ்ச ஆளில்லை.

"அது பருந்தும் இல்ல, கருடனும் இல்லண்ணே. கழுகு! பெரிய கழுகு. தலையில கொண்டை வச்சிருக்கும். எங்க வீட்ல பதினோரு குஞ்சு தூக்கிருச்சு."

"நான் கண்டதுக்குக் கொண்டை இல்லை பிள்ளை."

"நீங்கதான் கும்புட்டுக்கிட்டு நின்னீங்களாமே, கொண்டை எங்க பாத்தீங்க?"

செய்தி ஏற்கெனவே வேலி தாண்டியிருந்தது. குகதாசன் பேச்சை மாற்றி, என்ன செய்யலாம் என்று கேட்டார். பழைய சிடித் தட்டுகளை நூலில் கட்டித் தொங்கவிட்டால் வெயிலில் மின்னும், மின்னினால் எந்தப் பறவையும் கிட்ட வராது என்றா அழகம்மா. குகதாசன் அலுமாரியைத் திறந்து கையில் அகப்பட்ட ஏழு தட்டுகளை முருங்கையில் கட்டினார். காற்றில் அவை சுழன்று மின்னின. மத்தியானம் உடுப்புக் காயப்போட வந்த இராசேஸ்வரி ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, இது பிள்ளையின்ரை சாமத்திய வீட்டுச் சிடி! இதுகும் அதுதான். ரெண்டாம் பாகம்!"

மகள் பெரியபிள்ளையான அந்தச் சாமத்திய வீடு நாலு பாகமாக முருங்கையிலிருந்து இறக்கப்பட்டது. மிஞ்சியவை மூன்று. அந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து தன் முகத்தைப் பார்த்துக்கொண்டது.

அடுத்து, கிராம அலுவலர் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த ஓர் இலக்கம் நினைவுக்கு வந்தது. யானை வந்தால் அழைக்கவும் என்றிருந்தது. யானைக்கு வருகிறவர்கள் பிராந்துக்கு வரமாட்டார்களா? அழைத்தார். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கினிப்பிக் என்ற சொல் குகதாசனின் வாயில் ஒரு நாளும் சரியாக உட்கார்ந்ததில்லை. கிளிநொச்சிக்காரர் அல்லவா, நாக்கு பழகிய பக்கமாகவே போய்விடும்.

"சேர், என்ரை மகளின்ரை கிளிப்பிக்கைப் பிராந்து தூக்கிப்போட்டுது சேர்."

"ஆரை?"

"கிளிப்பிக். மூண்டு வளர்த்தனாங்கள். கூட்டிலைதான். இப்ப ரெண்டு கிடக்கு."

"கிளிப்பிள்ளையோ? எத்தினை நாளாய் வளர்க்கிறியள்?"

"இஞ்சை ஒரு கிழமையாகப் போகுது. முந்தி வவுனியாவிலை ஒளிச்சு வைச்சிருந்தவை."

"விலாசத்தைச் சொல்லுங்கோ" என்றது அந்தப் பக்கம், திடீரென்று மிகுந்த அக்கறையோடு. அரசாங்கம் இவ்வளவு விரைவாக உதவிக்கு வருமென்று குகதாசன் எதிர்பார்க்கவில்லை. நெகிழ்ந்துபோய், வருகிற வழியில் எந்த மதகில் திரும்ப வேண்டும் என்றுகூடச் சொன்னார்.

உதவி வரும்வரை சும்மா இருக்கலாமா? மேலேயிருந்து வருகிற ஆபத்துக்கு என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டு வளவில் நடந்தார். அப்போது, இதற்கு மட்டும் யாரிடமும் யோசனை கேட்கத் தேவையில்லை என்பது அவருக்கு உறைத்தது. மண்வெட்டியை எடுத்தார்.

இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. நேராக ஒரு முழம் போய் மடங்கித் திரும்புகிற பள்ளம். நேராக வெட்டினால் வாசலில் விழுகிறது உள்ளே வரும், மடக்கி வெட்டினால் வராது. மேலே பனங்குற்றித் துண்டுகளை அடுக்கி, அதற்கு மேல் யூரியாப் பையில் மண் நிரப்பி வைத்தார். கை தடுமாறவில்லை, அளவு பிசகவில்லை. சண்டைக் காலத்தில், முரசுமோட்டையிலிருந்து கிழக்கே கடல் மட்டும், இடம்பெயர்ந்து இறங்கியிருந்த ஒவ்வோர் இடத்திலும் அவர் ஒன்று வெட்டியவர். கடைசியாக வெட்டியதில் ஐந்து வயது யதுர்ஷிகா பதினெட்டு நாள் இருந்தாள்.

இராசேஸ்வரி வந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று குகதாசன் மண்வெட்டியைப் பின்னால் மறைத்தார். அவர் திட்டவில்லை. குனிந்து மண் பைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"வாசலை மற்றப் பக்கம் வைச்சிருக்கலாம்" என்றார் கடைசியில். "மழை வந்தால் தண்ணி உள்ளுக்கை போகும்."

திரும்ப ஒருதரம் வெட்டி வாசலை மாற்றினார்கள், இருவருமாக.

பங்கர் கினிப்பிக்குகளுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டது. நிழல் தெரிந்தால் உள்ளே. காகம் கரைந்தால் உள்ளே. இராசேஸ்வரி குடையோடு போனாலும் உள்ளே. பின்னேர அழைப்புக்கு லட்டுவை வெளியே எடுக்கவே முடியவில்லை.

"எதுக்குள்ளை நிக்குது அப்பா?"

"பங்கருக்கை."

மகள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு, "கனநேரம் உள்ளுக்கை விடாதேங்கோ அப்பா" என்றாள். "மூச்சு முட்டும்."

வியாழன் காலை மோட்டார் சைக்கிளில் வனசீவராசி உத்தியோகத்தர் வந்தார். முப்பது வயது மதிக்கலாம், நெஞ்சில் பெயர் குத்தியிருந்தது: ஜனார்த்தனன். பெருமாளின் பெயர். வந்த வாகனம் வேறு என்றாலும் குகதாசன் மரியாதையாகக் கதிரையைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"கிளி எங்கை ஐயா?"

"கிளியோ? என்ன கிளி?"

"போனிலை நீங்கள்தானே சொன்னீங்கள். மூண்டு கிளிப்பிள்ளை கூட்டிலை வளர்க்கிறமெண்டு. கிளி வளர்க்கிறது சட்டப்படி குற்றம். அதோடை ஒளிச்சு வேறை வைச்சிருந்தனீங்களாம்."

"ஐயோ தம்பி, கிளி இல்லை. கிளிப்பிக்!"

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

வளவைச் சுற்றிப் பார்த்த அவருடைய கண் யூரியாப் பைகளில் போய் நின்றது. "இதென்ன? கிளியைப் பங்கருக்கையோ ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

குனிந்து, டோர்ச் அடித்து, தலையை வாசலுக்குள் விட்டார். உள்ளே இருந்து இரண்டு சோடிக் கண்கள் அவரைப் பார்த்தன. தலையை வெளியே எடுத்தபோது உத்தியோகத்தரின் நெற்றியில் மண். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உத்தியோகமோ சிரிக்கவிடவில்லை. இராசேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்தார். அதன் பிறகுதான் அவர் உட்கார்ந்து கதையை முதலிலிருந்து கேட்டார்.

"செம்மண் செட்டை, வெள்ளை நெஞ்சு. அது செம்பருந்து ஐயா."

"அப்ப பிராந்து! நான் சொன்னனான்" என்றார் இராசேஸ்வரி.

"அதைத்தான் சனம் கருடன் எண்டும் சொல்லுறது."

"அப்ப கருடன்! நான் சொன்னனான்" என்றார் குகதாசன்.

"ரெண்டும் ஒண்டுதான். ஆனா, போனது எவ்வளவு பாரம்?"

குகதாசன் கையால் காட்டினார்.

"செம்பருந்து மீன், தவளை, கோழிக்குஞ்சு தூக்கும். இவ்வளவு பாரத்தைத் தூக்குமோ எண்டது சந்தேகம். தூக்கினால் கொண்டைக் கழுகு தூக்கியிருக்கும்."

"கேட்டீங்களா அண்ணே!" என்றது வேலிக்கு அப்பால் ஒரு குரல்.

மூன்று பேரும் சரி. குகதாசனுக்குத் தலை இன்னும் வேகமாகச் சுற்றியது. "அப்ப ஆர் தம்பி கொண்டுபோனது?"

"தூக்கினதை நீங்கள் கண்டனீங்களோ?"

"பறந்ததைக் கண்டனான்."

"தூக்கினதை?"

"அப்ப கண் மூடியிருந்தது."

ஜனார்த்தனன் எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்தினார். "அப்ப ஐயா, பறவை தூக்கினதெண்டதுக்குச் சாட்சி இல்லை. கீரி பிடிச்சிருக்கலாம். பயத்திலை தானாய் ஓடியிருக்கவும் கூடும்." புத்தகத்தை மூடினார். "எதுவாய் இருந்தாலும் பறவைக்குக் கல்லெறியாதேங்கோ. மேலாலை ஒரு வலையைக் கட்டுங்கோ. அவ்வளவுதான் வேலை."

அவ்வளவுதான் வேலையாம். இரண்டு நாளாக ஒருவருக்கும் தோன்றாத வேலை. அன்றைக்கே பழைய மீன் வலை ஒன்றை இரந்து வாங்கி, நாலு தடி நட்டு, புல்லுக்கு மேலால் இழுத்துக் கட்டினார்கள். ஆனால் குகதாசனின் மனம் வலையில் இல்லை. தானாய் ஓடியிருக்கக்கூடும் என்று அந்தப் பொடியன் சொல்லிவிட்டுப் போனானே! விறகுக் குவியலைக் கிளறினார், வாழைக்குள் நுழைந்தார், வாய்க்கால் கரை வரை போனார். "பூந்தி! பூந்தி!" என்று அவர் கூப்பிட்டுக்கொண்டு போக, ரோட்டால் போன ஒரு மனிசி சைக்கிளை நிறுத்தி, கால் கிலோ என்ன விலை என்று விசாரித்தா.

ஒன்றும் அகப்படவில்லை. செத்ததென்று அழவும் முடியாது, இருக்கிறதென்று சிரிக்கவும் முடியாது.

வெள்ளி மத்தியானம் யதுர்ஷிகா வந்து இறங்கினாள். பையைக்கூட வைக்காமல் நேரே பின்வளவுக்குப் போனாள். வலையைப் பார்த்தாள், பங்கரைப் பார்த்தாள். நிலத்தில் இருந்து, கையிலிருந்த பொலித்தீன் பையைச் சரசரக்கப் பண்ணினாள். லட்டு வெளியே வந்தது. பின்னால் குண்டும் வந்தது. அவள் இன்னும் ஒருதரம் சரசரத்தாள். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வையைக் குகதாசனால் தாங்க முடியவில்லை. "பிள்ளை, இனி வராது. பூந்தி செவ்வாய்க்கிழமையே போட்டுது" என்று தொடங்கியவர், நிழல் விழுந்தது, கல்லெடுத்தது, கல்லைப் போட்டது, கைகூப்பியது, கண் மூடியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். கண் மூடியதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

யதுர்ஷிகா குண்டுப் பிராணியை மடியில் தூக்கி வைத்தாள்.

"அப்பா, இதுதான் பூந்தி."

"என்ன?"

"இது பூந்தி. போனது மிக்சர்."

குகதாசன் இராசேஸ்வரியைப் பார்த்தார். இராசேஸ்வரி முருங்கையைப் பார்த்தார்.

"எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்" என்றாள் மகள். "ஒவ்வொரு நாளும் மிக்சர் எங்கை, மிக்சர் எங்கை எண்டு கேட்டனான். நீங்கள் ஒவ்வொரு நாளும் பூந்தியைத் தூக்கித் தூக்கிக் காட்டினனீங்கள். என்னைப் பேய்க்காட்டுறியளோ, இல்லாட்டி உண்மையாய்த்தான் நம்புறியளோ எண்டு விளங்கேல்லை. அதுதான் ஒண்டும் சொல்லாமல் இருந்தனான்."

"நான் பொய் சொல்லேல்லை பிள்ளை." நிறுத்தினார். யோசித்தார். "சொன்னனான்தான். ஆனா அது வேறை பொய்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "கல்லைக் கீழை போட்டிட்டோ கும்பிட்டனீங்கள்?" என்று கேட்டு இன்னும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவளின் முகம் எந்த இடத்தில் மாறியது என்று தெரியவில்லை, அழுதுகொண்டிருந்தாள். குகதாசன் தோளில் கிடந்த துவாயை நீட்டினார். அவருடைய நிலைமையோ இன்னும் சிக்கல். மூன்று நாளாகப் பூந்தியை நினைத்துச் சோறு இறங்கவில்லை. பூந்தியோ மடியில் இருந்து புல்லுச் சப்புகிறது. இனி மிக்சருக்காக முதலிலிருந்து தொடங்கவேண்டும். மிக்சரை அவர் ஒரு நாளும் மிக்சர் என்று கூப்பிட்டதேயில்லை.

சனிக்கிழமை முழுக்க மகள் பூந்தியை மடியை விட்டு இறக்கவில்லை. இரண்டையும் வவுனியாவில் ஒரு சிநேகிதி வீட்டில் விடப்போவதாகத் தாயாரிடம் சொன்னதைக் குகதாசன் குசினிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார். நியாயம்தான் என்று நினைத்தார். நியாயம் என்று நினைத்தும் இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

ஞாயிறு விடிய, அவைகளுக்குக் கடைசியாக ஒரு பிடி பொன்னாங்காணி பறித்துப் போடுவோம் என்று பின்வளவுக்குப் போனார். விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் கால் நின்றது. நேற்றுப் பின்னேரம் வலைக்கு வெளியே தவறி விழுந்த ஒரு கட்டுக் கீரை அதில் கிடந்தது. இலை ஒன்றும் இல்லை. வெறும் தண்டு. தண்டின் நுனி சீராக, பல்லால் அரிந்த மாதிரி.

அழகம்மாவின் கோழி கொத்தியிருக்கலாம். கோழி தண்டை இப்படி அரியாது. அணில் அரியலாம். எலி அரியும், அந்த வளவில் எலிக்குக் குறைவில்லை. குகதாசன் குந்தியிருந்து தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரிடமாவது கேட்கலாம் என்றால், நாலு பேரும் நாலு சொல்வார்கள், நாலும் சரியாக இருக்கும்.

மகளுக்குச் சொல்வதா? சொல்லி, அது எலியாக இருந்தால், பிள்ளையை இரண்டாந்தரம் அழவைத்த பாவம். சொல்லாமல் விட்டு, அது மிக்சராக இருந்தால்? பஸ் தரிப்பு வரை யோசித்தபடியே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அவள் பக்கத்தில் நடந்தாள். பிஸ்கட் பெட்டி காரியரில் கட்டியிருந்தது, உள்ளே இரண்டு.

பஸ் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறப்போனாள். ஒரு கால் படியில், மற்றக் கால் நிலத்தில்.

"பிள்ளை" என்றார் குகதாசன். "விறகடியிலை ஒரு கீரைக்கட்டு. ஆரோ திண்டிருக்கினம். எலியோ அணிலோ எனக்குத் தெரியாது. மிக்சர் எண்டு சொல்லமாட்டன். இல்லையெண்டும் சொல்லமாட்டன். நான் கண்டது தண்டு மட்டும்."

சட்டைப்பையிலிருந்து தண்டை எடுத்து நீட்டினார்.

யதுர்ஷிகா அதை வாங்கி நுனியைப் பார்த்தாள். தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். திரும்பவும் நுனியைப் பார்த்தாள். அவளுடைய கால் படியிலேயே நின்றது. ட்ரைவர் ஹோர்ன் அடித்தார்.

"தங்கச்சி, ஏறுறீங்களோ, இறங்குறீங்களோ?" என்று கொண்டக்டர் கத்தினார்.

"தெரியேல்லை அண்ணை" என்று சொல்லிக்கொண்டே அவள் பெட்டியைத் தகப்பனிடம் நீட்டிவிட்டு, மற்றக் காலையும் கீழே வைத்தாள்.